அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்: டிஸ்க் பிளேயரா, டிவிக்கு ஒரு கணினியா?

புது டிவியைச் சுவரில் மாட்டி முடித்த மறுநாள்தான் இந்தக் கேள்வி வரும். பழைய டிவிடி பிளேயரின் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்களைக் கையில் பிடித்துக்கொண்டு டிவியின் பின்பக்கம் தேடினால், செருக இடமே இருக்காது. கடைக்காரர் புது பிளேயர் வாங்கச் சொல்வார். வீட்டில் கல்லூரியில் படிக்கிற பையன் இருந்தால், "பிளேயரெல்லாம் எதுக்கு மாமா, சின்னதா ஒரு கம்ப்யூட்டரை டிவியோட மாட்டிடலாம், எல்லாம் ஓடும்" என்பான். எல்லாம் ஓடாது. புது பிளேயரிலும் உங்களிடம் இருக்கிற எல்லா டிஸ்க்கும் ஓடும் என்று சொல்ல முடியாது.

என் கணக்கு சுலபமானது. டிஸ்க்கைப் போட்டுப் பார்க்கிறவருக்கு பிளேயர். ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கும் கோப்புகளைப் பார்க்கிறவருக்குக் கணினி. நம் வீடுகளில் இரண்டும் கலந்துதான் இருக்கின்றன. அதனால் கணினி நிரந்தரமாக டிவிக்குக் கீழே உட்கார வேண்டுமா, பழைய வீட்டு டிஸ்க்குகளை நகல் எடுக்க ஒரு வாரத்துக்கு யாரிடமாவது இரவல் வாங்கினால் போதுமா என்பதைத்தான் முடிவு செய்ய வேண்டும். பலருக்கு இரவலே போதும்.

முதல் வேலை: டிஸ்க்குகளைப் பிரிப்பது

பாயை விரித்து, வீட்டில் உள்ள எல்லா டிஸ்க்கையும் எடுத்து நான்கு குவியலாகப் போடுங்கள்.

ஒரே படத்துக்கு இரண்டு மூன்று டிஸ்க் இருந்தால் அது விசிடி. ஒரு விசிடியில் சுமார் 74 நிமிடம்தான் பிடிக்கும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்தை வேறு எப்படி அடைப்பது? விசிடியின் படம் 352-க்கு 288 புள்ளி. 4கே டிவியின் திரை 3840-க்கு 2160. விசிடியின் ஒவ்வொரு புள்ளியையும் எண்பதுக்கும் மேற்பட்ட புள்ளிகளாக இழுத்து நிரப்ப வேண்டும். எந்தப் பெட்டியை வாங்கினாலும் அது தெளியாது. விசிடிக்காகப் புதிதாக ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். உங்கள் ஊர்க் கோயில் கச்சேரி, பள்ளி ஆண்டு விழா என்று வேறெங்கும் கிடைக்காதவற்றை மட்டும் தனியே எடுத்து வையுங்கள்.

இரண்டாவது குவியல் கடையில் வாங்கிய டிவிடி. அடிப்பக்கம் பளிச்சென்று வெள்ளியாக இருக்கும். 2007 வாக்கில் மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் இறக்கியபோது வாங்கிக் குவித்தவர்கள் வீட்டில் இந்தக் குவியல்தான் பெரிதாக இருக்கும். முழு அளவில் எடுத்த டிவிடி 720-க்கு 576 புள்ளி, 4கே டிவிக்கு இருபது மடங்கு பெரிதாக்கினால் போதும். இன்றைய டிவிகள் அதை ஓரளவு நன்றாகவே செய்கின்றன. ஒரே டிஸ்க்கில் மூன்று படம் என்று விற்றார்களே, அவற்றிடம் மட்டும் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு அடுக்கு டிவிடியின் மொத்தக் கொள்ளளவே 8.5 ஜிபிதான். அதை மூன்று படம் பங்கு போட்டுக்கொண்டால் மழைக் காட்சியும் கூட்டக் காட்சியும் கட்டம் கட்டமாக உடையும்.

மூன்றாவது, எழுதிய டிஸ்க். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, கிரகப்பிரவேசம் எல்லாம் இதில்தான். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அடிப்பக்கம் ஊதா சாயம் அடிக்கும். மேலே மாப்பிள்ளை பொண்ணு படம் போட்ட தாள் ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கும். கடை டிவிடியில் தகவல் அச்சில் அழுத்திய பள்ளங்களாக இருக்கிறது. எழுதிய டிஸ்க்கில் அது சாயப் பூச்சில் லேசர் சுட்ட தடம். சாயம் நாளாக நாளாக மங்கும். வெயிலும் வெப்பமும் அதை இன்னும் விரைவுபடுத்தும். தாள் ஸ்டிக்கர் டிஸ்க்கைக் கொஞ்சம் வளைக்கும், சுழலும்போது தள்ளாட வைக்கும். மொட்டைமாடிக்குக் கீழே இரும்பு பீரோவில் பதினைந்து கோடை பார்த்த கல்யாண டிவிடி இன்றும் ஓடினால் உங்கள் அதிர்ஷ்டம். படம் இணையத்தில் திரும்பக் கிடைத்துவிடும். அத்தை மகன் கல்யாணம் கிடைக்காது. அதனால் எனக்கு முக்கியம் இந்தக் குவியல்தான்.

நான்காவது புளூரே, டிவிடிக்கு அடுத்து வந்த, படம் இன்னும் தெளிவான டிஸ்க். நீலப் பெட்டி, அடிப்பக்கம் கொஞ்சம் இருண்டிருக்கும். 4கே புளூரேவுக்குக் கறுப்புப் பெட்டி. பெரும்பாலான வீடுகளில் இந்தக் குவியலே இருக்காது. இருந்தால், உங்கள் முடிவு பாதி ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். காரணம் கீழே வரும்.

இரண்டாவது வேலை: டிவியின் பின்பக்கம்

எச்டிஎம்ஐ துளை (படமும் ஒலியும் ஒரே ஒயரில் போகும் இணைப்பு) எத்தனை, அதில் எத்தனை காலி என்று பாருங்கள். செட்டாப் பாக்ஸ் ஒன்றை எடுத்திருக்கும். ஏவி இன் என்று எழுதிய சின்ன வட்டத் துளை இருந்தால், அதற்கான இணைப்பு ஒயரை வாங்கிப் பழைய பிளேயரையே மாட்டிவிடலாம். அதுவும் இல்லையென்றால் அந்த மூன்று நிற ஏவி ஒயரை எச்டிஎம்ஐ ஆக்கும் சின்னப் பெட்டி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. படம் கொஞ்சம் மங்கலாக வரும். மாதம் ஒருமுறை பழைய படம் பார்ப்பவருக்கு அது போதும், இந்தக் கட்டுரையும் இத்தோடு போதும்.

இங்கே பலர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. மடிக்கணினிக்கு விற்கிற யுஎஸ்பி டிவிடி டிரைவை வாங்கி நேரே டிவியின் யுஎஸ்பி துளையில் செருகுவார்கள். ஓடாது. டிவி அந்தத் துளையில் பென் டிரைவையும் ஹார்ட் டிஸ்க்கையும்தான் எதிர்பார்க்கிறது. டிவிடி டிரைவ் என்றால் அதற்கு என்னவென்றே தெரியாது.

மூன்றாவது: ரிமோட் யார் கையில்?

பத்து வருடத்துக்கு முன் அப்பாவுக்காக ஒரு பழைய மேசைக் கணினியைச் சின்னப் பெட்டிக்குள் அடைத்து டிவியோடு மாட்டிக் கொடுத்தேன். எனக்கு அதில் ஏகப் பெருமை. அந்த வருடப் பொங்கலுக்குச் சொந்தமெல்லாம் கூடியிருந்தபோது தங்கை கல்யாண வீடியோவைப் போடச் சொன்னார்கள். கணினியைத் திறந்தேன். அது அப்டேட்டை ஆரம்பித்தது. நூற்றுக்குப் பதினெட்டில் நின்றது. காபி வந்தது, முறுக்கு வந்தது, முப்பத்தொன்றில் நின்றது. கடைசியில் அத்தை, "பழைய பெட்டிய பரண்லேர்ந்து எடுத்துட்டு வாடா" என்றார். இரண்டு நிமிடத்தில் தாலி கட்டு ஓடிக்கொண்டிருந்தது.

டிவியோடு மாட்டிய கணினியை யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், மாடு கன்று வைத்திருக்கிற மாதிரி. அந்த ஒருவர் வீட்டிலேயே இருந்தால் சரி. அவர் பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு, அம்மா அப்பா ஊரில் தனியாக இருந்தால், பிளேயர் வாங்கிக் கொடுங்கள். தட்டு வெளியே வரும், டிஸ்க்கை வைக்கலாம், உள்ளே போகும். பழகியவர் கைக்கு அது தெரியும்.

பிளேயர் வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியவை

சாதாரண டிவிடி பிளேயர் என்றால் எச்டிஎம்ஐ துளை இருக்கிறதா, விசிடியையும் எழுதிய டிஸ்க்கையும் ஏற்கிறதா என்று மட்டும் கேளுங்கள். மற்றதெல்லாம் அட்டைப்பெட்டி விளம்பரம்.

புளூரே பிளேயரில் டிவிடியும் ஓடும். ஆனால் எல்லா புளூரே பிளேயரும் விசிடியை ஏற்பதில்லை. முதல் குவியல் முக்கியம் என்றால் கையேட்டில் ஓடும் டிஸ்க்குகளின் பட்டியலைப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

அப்புறம் மண்டலக் குறி. டிவிடி உலகத்தை எண்களாகப் பிரித்தார்கள்: அமெரிக்காவும் கனடாவும் 1, ஐரோப்பாவும் ஜப்பானும் 2, தென்கிழக்கு ஆசியா 3, இந்தியாவும் இலங்கையும் 5. புளூரேவில் எழுத்துகள்: இந்தியா சி, சிங்கப்பூரும் அமெரிக்காவும் ஏ, பிரிட்டன் பி. லண்டனிலிருந்து சித்தி ஆசையாக வாங்கி வந்த ஹாலிவுட் புளூரே இங்கே வாங்கிய பிளேயரில் முரண்டு பிடிப்பது இதனால்தான். டிஸ்க்கின் பின் அட்டையில் உலக உருண்டைப் படத்துக்குள் எண்ணோ எழுத்தோ இருக்கும். தமிழ்ப் படங்களின் டிவிடிகளில் எல்லா மண்டலத்துக்கும் பொருந்துபவை நிறைய. 4கே புளூரேவில் மண்டலப் பூட்டு கிடையாது, அந்தத் தொல்லை அதோடு ஒழிந்தது.

கடைகளில் புளூரே பிளேயர்களின் தேர்வு சுருங்கிக்கொண்டே வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஓப்போ 2018-இல் புது பிளேயர்கள் செய்வதை நிறுத்தியது. மறுவருடம் சாம்சங் அமெரிக்கச் சந்தைக்குப் புது மாடல் கொண்டுவருவதைக் கைவிட்டது. 2024 இறுதியில் எல்ஜியும் விலகிக்கொண்டது. பெரிய பெயர்களில் சோனியும் பானாசோனிக்கும் மிச்சம். புளூரே சேர்ப்பவர் என்றால் தள்ளிப்போடாமல் ஒன்றை வாங்கி வைப்பது நல்லது.

பழைய பிளேயரைச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடத்தில் வாங்கப் போகிறீர்களா? கடைக்காரர் போட்டுக் காட்டும் டிஸ்க்கை நம்பாதீர்கள். அது அந்தப் பெட்டியில் ஓடும் என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும். உங்கள் வீட்டிலிருந்து மூன்று டிஸ்க் எடுத்துப் போங்கள்: கீறல் விழுந்த ஒன்று, ஊதாச் சாயக் கல்யாண டிவிடி ஒன்று, நீளமான படத்தின் இரண்டு அடுக்கு டிவிடி ஒன்று. மூன்றாவதைப் போட்டுக் கடைசி அரைமணி நேரத்துக்குத் தாவுங்கள். லேசர் களைத்துப்போன பிளேயர் முதல் அடுக்கை ஒழுங்காகப் படித்துவிட்டு இரண்டாவது அடுக்கில் திணறும். அங்கே நின்று நின்று ஓடினால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.

கணினிப் பக்கம்

கணினியால் என்ன முடியாது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மற்றதை விற்பவர்களே சொல்வார்கள்.

டிவிடியில் சிக்கல் இல்லை. விஎல்சி என்ற இலவச மென்பொருள் போதும், விசிடியையும் அதுவே ஓட்டும். டிரைவின் மண்டலக் குறியை மட்டும் விளையாட்டாக மாற்றிப் பார்க்காதீர்கள். ஐந்து முறைதான் மாற்ற முடியும், அதற்கப்புறம் கடைசியாக வைத்ததிலேயே பூட்டிக்கொள்ளும்.

புளூரே வேறு கதை. டிஸ்க்கிலிருந்து டிவி வரைக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் பூட்டு. பவர்டிவிடி மாதிரி காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் வேண்டும், புளூரே படிக்கும் டிரைவ் தனியாக வேண்டும். 4கே புளூரே அதற்கும் மேல்: முறைப்படி ஓட்டுவதற்கு இன்டெல் சில்லுக்குள் இருந்த ஒரு பாதுகாப்பு வசதி தேவைப்பட்டது. மேசைக் கணினிகளுக்கான 11-ஆம் தலைமுறைச் சில்லுகளிலிருந்து இன்டெல் அந்த வசதியையே எடுத்துவிட்டது. புதுசாக, விலை கூடிய கணினி வாங்கினாலும் 4கே டிஸ்க் முறைப்படி ஓடாது. நான்காவது குவியல் இருந்தால் முடிவு பாதி ஆகிவிட்டது என்றது இதற்காகத்தான். புளூரேவுக்கு பிளேயரே சரி.

ஓடிடி படங்களுக்காகக் கணினி வாங்குவதும் வீண். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்ட கணினியில் நெட்ஃபிளிக்ஸ் 4கே தரத்தில் வராது. விண்டோஸிலும் நினைத்த உலாவியிலெல்லாம் வராது. டிவியின் சொந்தச் செயலியே அந்த வேலையை நன்றாகச் செய்கிறது.

சரி, கணினி யாருக்கு? நான்கைந்து டெராபைட் கோப்புகள் வைத்திருப்பவருக்கு. கேமராவிலும் போனிலும் எடுத்த குடும்ப வீடியோக்களை ஒழுங்காக அடுக்கி, பெயர் போட்டு, போஸ்டர் தெரிய வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறவருக்கு. கோடி என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காக ஆரம்பித்த திட்டம் அது, 2014-இல் இந்தப் பெயருக்கு மாறியது. விண்டோஸ் வேண்டாம் என்பவர்கள் லிப்ரெஎலெக் என்ற, கோடிக்கென்றே செய்த இலவச இயங்குதளத்தைப் போட்டால் கணினி திறந்ததுமே கோடிதான் வரும்.

இதற்குப் பெரிய கணினி தேவையில்லை. இன்டெல் என்100 சில்லு போட்ட உள்ளங்கை அளவு மினி கணினி, 8 ஜிபி ராம், வெளியே ஒரு ஹார்ட் டிஸ்க், யுஎஸ்பி டிவிடி டிரைவ் போதும். பரணில் கிடக்கும் மேசைக் கணினியை இறக்கலாமா என்று கேட்பீர்கள். இறக்கலாம். 80 வாட் இழுத்தால் தினம் நான்கு மணி நேரத்துக்கு மாதம் பத்து யூனிட் வரும். மின்கட்டணத்தைவிட அதன் விசிறிச் சத்தம்தான் கதைக்கு நடுவே உறுத்தும். திரை போன மடிக்கணினி, அரசு தந்த விலையில்லா மடிக்கணினி எதுவானாலும் எச்டிஎம்ஐ துளை இருந்தால் முதலில் அதை மாட்டி ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். ஆசை ஒரு மாதத்தில் தணிந்துவிடுவதும் உண்டு.

மாட்டியதும் சரி செய்ய வேண்டிய அமைப்புகள் சில. சினிமா நொடிக்கு 24 படம். கணினி வழக்கமாக 60 அனுப்பும். அது சரியாக வகுபடாததால், கேமரா பக்கவாட்டில் நகரும்போது படம் குலுங்கும். கோடியின் அமைப்பில் படத்துக்கேற்ப திரை வேகத்தை மாற்றும் தேர்வு உண்டு, அதைப் போடுங்கள். கல்யாண வீடியோக்கள் ஒற்றை வரி, இரட்டை வரி என்று மாற்றி மாற்றிப் பதிவானவை. யாராவது வேகமாகக் கையை வீசினால் சீப்புப் பல் மாதிரி கோடு தெரியும். விஎல்சியில் டீஇன்டர்லேஸ் என்பதை ஆன் செய்தால் போய்விடும். பிளேயர் இதைத் தானே செய்துகொள்கிறது. பழைய டிவிடியில் படத்தைச் சுற்றி நான்கு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் டிவி ரிமோட்டில் ஜூம். தயவு செய்து இழுத்து நிரப்பாதீர்கள், மணமேடையில் எல்லாரும் குண்டாகத் தெரிவார்கள்.

டிவி ரிமோட்டிலேயே கணினியையும் இயக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அதற்கான வசதி பெரும்பாலான கணினிகளின் எச்டிஎம்ஐ துளையில் கிடையாது. யுஎஸ்பி ரிமோட் ஒன்று வாங்க வேண்டும், அல்லது போனில் கோடியின் சொந்த ரிமோட் செயலியைப் போட்டுக்கொள்ளலாம்.

எதை வாங்கினாலும் செய்ய வேண்டியது: மூன்றாவது குவியலைக் காப்பாற்றுவது

இதற்குத்தான் அந்த ஒரு வார இரவல் கணினி. டிவிடி டிரைவ் உள்ள எந்தக் கணினியும் சரி.

டிஸ்க்கை முதலில் துடையுங்கள், நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராக. வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தகவல் ஓடும் திசையிலேயே விழுந்து, தொலைந்த தகவலைக் கணக்குப் போட்டு மீட்கும் பிழைதிருத்தத்தால் சமாளிக்க முடியாமல் போகும். பழைய பருத்தி வேட்டித் துணி உத்தமம்.

உள்ளே போட்டதும் வீடியோ டிஎஸ் என்ற கோப்புறை தெரியும். வீட்டு டிஸ்க்குகளில் பூட்டு இல்லை என்பதால் அதை அப்படியே ஹார்ட் டிஸ்க்குக்கு இழுத்துப் போடலாம். உள்ளே ஒரு ஜிபிக்கு மிகாத துண்டுகளாக விஓபி கோப்புகள் இருக்கும். தனித்தனியாகத் திறக்காமல், விஎல்சியில் முழுக் கோப்புறையையும் திறந்தால் தொடர்ச்சியாக ஓடும். ஒரே கோப்பாக வேண்டுமென்றால் மேக்எம்கேவி என்ற மென்பொருள் தரம் குறையாமல் சேர்த்துக் கொடுக்கும். விசிடியில் எம்பெக்ஏவி கோப்புறைக்குள் டாட் (DAT) கோப்பாக இருக்கும், விஎல்சி அதையும் திறக்கும். விசிடிக்காரர்கள் அதிக நிமிடம் அடைப்பதற்காகப் பிழைதிருத்தத்தில் கொஞ்சத்தைத் தியாகம் செய்தார்கள். அதனால் விசிடி நகல் எடுக்கும்போது சின்னக் கீறலுக்கும் முரண்டு பிடிக்கும்.

பாதியில் நின்றால் வேறொரு டிரைவில் முயலுங்கள். ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று படிப்பது அடிக்கடி நடக்கும். அதிலும் படியாவிட்டால் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவி இருக்கிறது: நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடத்துக்குத் திரும்பத் திரும்ப வரும். இரவு போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். எட்டு சென்டிமீட்டர் குட்டி டிஸ்க்கை வாய் வைத்த டிரைவில் மட்டும் திணிக்க வேண்டாம். தட்டு வெளியே வரும் டிரைவே வேண்டும்.

எழுதிய டிவிடி அநேகமாக 4.7 ஜிபிக்கு மேல் போகாது, நூறு டிஸ்க் இருந்தாலும் ஒரு டெராபைட்டில் பாதிதான். அதனால் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு நகல் வையுங்கள், ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும். கோப்புறைக்குப் பெயர் வைக்கும்போது 'கல்யாணம் 1', 'கல்யாணம் 2' என்று விட்டுவிடாமல் யார், எந்த ஊர், எந்த வருடம் என்று எழுதுங்கள்.

கடையில் வாங்கிய படங்களுக்கு இந்த வழியைச் சொல்லவில்லை. அவற்றில் பூட்டு உண்டு. 2012-இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு அந்தப் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்குகிறது.

நகல் எடுத்து முடித்த டிவிடிகளைத் தூக்கிப் போடாதீர்கள், செங்குத்தாக நிறுத்தி, வெயில் படாத மர அலமாரியில் வையுங்கள். அந்த மாப்பிள்ளை பொண்ணு ஸ்டிக்கர் தள்ளாட வைக்கிறது என்று சொன்னேன் அல்லவா, அதற்காக அதைப் பிய்க்கப் போகாதீர்கள். எழுதிய சிடி, விசிடியில் தகவல் அடுக்கு மேல்பக்கத் தோலுக்கு நேர் கீழே இருக்கிறது. ஸ்டிக்கரோடு அதுவும் உரிந்து வந்துவிடும்.